ரோஷினி பிய்த்த பூச்சி

பாரிவாக்கம்,
ஆகஸ்ட் மாதம், ஞாயிறு மதியம்.

அன்புள்ள மாமாவுக்கு,

காவ்யா எழுதுவது. இங்கே நானும் ரோஷினியும் சௌக்கியம். அங்கே நீங்களும், உங்கள் ஆறும், ஆற்றில் இருக்கிற மீன்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மீன்களையும் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் போன கடிதத்தில் என்னைப் பற்றி இரண்டு வரியும் மீனைப் பற்றி மூன்று பக்கமும் இருந்தது. கல்யாணம் ஆன புதிதில்கூட நீங்கள் என்னை இத்தனை உன்னிப்பாகக் கவனித்ததாக ஞாபகம் இல்லை.

போன வாரம் சிக்னல் கிடைக்கிற அந்த மலை வளைவு வரைக்கும் ஏறி வந்து போன் செய்தீர்கள். பாவம், மூச்சு வாங்கியது மட்டும்தான் நன்றாகக் கேட்டது. வீடியோவில் உங்கள் முகம் பாதி தெரிந்து, வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. ரோஷினி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கார்ட்டூன் போடு என்று அழ ஆரம்பித்தாள். அதற்குத்தான் கடிதமே மேல் என்கிறேன். நான் கட்டுகிற தூண்டில் பூச்சிப் பார்சல் எப்படியும் நீங்கள் வேலை செய்கிற விடுதிக்குக் கூரியரில் வருகிறது. அதோடு என் புலம்பலும் வந்து சேரட்டும்.

நீங்கள் அனுப்பிய மருந்து பாட்டில் உடையாமல் வந்தது. உள்ளே ஸ்பிரிட்டில் மிதந்த நிஜப் பூச்சிகளைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. யோசித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிக்காக இந்த வேலை செய்கிறேன். சின்னத் தூண்டில் முள்ளில் நூலும் கோழி இறகும் முயல் முடியும் சுற்றி, டிரவுட் மீனை ஏமாற்றப் போலிப் பூச்சி கட்டுகிறேன். அது கப்பல் ஏறிப் போகிறது. எந்த ஊரிலோ யாரோ தூண்டிலில் மாட்டுகிறார்கள். அந்த மீனையும் நான் பார்த்ததில்லை, அது தின்கிற பூச்சியையும் பார்த்ததில்லை. சூப்பர்வைசர் சம்பந்தம் சார் மேசைமேல் வைக்கிற மாதிரியைப் பார்த்துக் கட்டுவோம், அவ்வளவுதான். அந்த மாதிரியே போலி. போலியைப் பார்த்துப் போலி செய்துகொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் அசல் கண்ணில் பட்டது.

உங்களுக்குத்தான் அந்த ஆசை எப்போதும் இருந்தது. அதே கம்பெனியில் பேக்கிங்கில் டப்பாவை ஒட்டிக்கொண்டே, இதை மீன் கவ்வுவதை ஒரு தடவை கண்ணால் பார்க்கணும் என்பீர்கள். இமாச்சலத்திலிருந்து அந்த விடுதிக்காரர் ஆர்டர் கொடுக்க வந்து, பூச்சி பேர் எல்லாம் தெரிந்த ஆள் ஒருத்தர் தேவை என்றதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினீர்கள். ஒரே ஒரு சீசன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அப்போது ரோஷினி தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. சீசன் முடிந்ததும் குளிர்காலத்தில் விடுதியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றார்கள், தங்கிவிட்டீர்கள். அப்புறம் அடுத்த சீசன் வந்துவிட்டது. இப்போது உங்கள் மகள் மாடிப்படியில் ஓடுகிறாள். பிடிக்க எனக்கு மூச்சு முட்டுகிறது.

சரி, வேலை விஷயம். நீங்கள் கேட்டபடி அந்த ஆற்றுப்பூச்சியை அச்சு அசலாகக் கட்டியிருக்கிறேன். கரையான்சாவடி வாட்ச் கடைக்காரரிடம் கண்ணில் மாட்டுகிற லென்ஸ் இரவல் வாங்கினேன். ஆறு காலுக்கும் முட்டி வைத்து மடக்கியிருக்கிறேன். இறக்கையில் நரம்பு வரைந்திருக்கிறேன். நைலான் நூலைச் சுட்டுக் கண் வைத்திருக்கிறேன். எதிரே புது ஃபிளாட்டில் இருக்கிற, ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற பெண் ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, கம்மல் மாதிரி எவ்வளவு அழகாக இருக்கிறது, ஒரு ஜோடி கொடுங்கள் என்று கேட்டாள். காதில் மாட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போகாதே என்று சொல்லி அனுப்பினேன்.

டப்பாவில் ஒன்று மட்டும் அலங்கோலமாக இருக்கும். முள்ளைப் பிடித்துக்கொள்கிற வைஸில் மாட்டி வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போன நேரத்தில் ரோஷினி நாற்காலியில் ஏறி அதைப் பிய்த்துவிட்டாள். முள் கையில் குத்தாமல் போனது என் நல்ல நேரம். தூக்கிப் போட மனசு வரவில்லை. உங்கள் மகள் கை பட்டது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி நிர்மல் ஆவடி லேத் பட்டறையில் வேலை முடிந்து தினமும் சாயங்காலம் வருகிறார். பாலும் காய்கறியும் கொடுத்துவிட்டு, ரோஷினியை வண்டி டேங்க் மேல் உட்கார வைத்து ஏரிக்கரை வரைக்கும் ஒரு சுற்று கூட்டிப் போகிறார். அண்ணனிடம் கொடுத்த வாக்கைத் தட்டாத பிள்ளை. அந்த வகையில் உங்களுக்குக் கவலை வேண்டாம்.

குளிரில் காதைக் கட்டிக்கொண்டு வெளியே போங்கள். ஆற்றில் இறங்கும்போது பாறை பார்த்துக் காலை வையுங்கள். கன்னியம்மன் உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
காவ்யா.


பாரிவாக்கம்,
செப்டம்பர் மாதம்.

அன்புள்ள மாமாவுக்கு,

காவ்யாவின் வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. படித்ததும் வந்த கோபத்தில் அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

கண்ணைக் கெடுத்துக்கொண்டு கட்டியிருக்கிறேன். அதையெல்லாம் மீன் மூக்குக்கிட்ட வந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டதாம். ரோஷினி பிய்த்ததை விளையாட்டாகக் கட்டிப் போட்டதும் பாய்ந்து வந்து கவ்வியதாம். அதுவும் ஒரு மீன் இல்லையாம். அம்மாவைவிட மகளுக்குக் கைராசி ஜாஸ்தி என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள், கையெழுத்தே ஆடியிருக்கிறது.

கோபம் ஆறிய பிறகு இன்னொரு தரம் படித்தேன். மீன் கீழே இருந்து அண்ணாந்து பார்க்கிறது, வெளிச்சத்துக்கு எதிரே அதற்குத் தெரிவது ஒரு நிழல்தான் என்று எழுதியிருந்தீர்கள். அளவு சரியாக இருக்க வேண்டும், தண்ணீர்மேல் உட்கார்கிற விதம் சரியாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்தான் என்றும். நான் மடக்கிவிட்ட கால்கள் விறைத்துக்கொண்டு நின்றன. ரோஷினி பிய்த்ததில் முடி கலைந்து தண்ணீரில் அசைந்தது. அசைந்ததால் உயிர் இருக்கிற மாதிரி தெரிந்தது. இத்தனை வருஷம் இந்த வேலை செய்து, உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.

ஓடுகிற தண்ணீரில் மீனுக்கு யோசிக்க நேரம் கிடையாது, ஏறக்குறைய இருந்தாலே கவ்விவிடும், தேங்கின தண்ணீரில்தான் நின்று நிதானமாகப் பார்க்கும் என்று எழுதிய இடத்தை சம்பந்தம் சாரிடம் படித்துக் காட்டினேன். அப்படியானால் இனிமேல் கண்ணும் நரம்பும் வைக்காமல் கட்டலாமா சார் என்று கேட்டேன். கடையில வாங்குறது மீன் இல்லம்மா, மனுசன், அவனுக்குக் கண்ணு இருந்தாத்தான் பர்ஸைத் திறப்பான் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

இப்போது எழுதப் போவதைக் கோபப்படாமல் படியுங்கள்.

ரோஷினிக்கு உங்கள் முகம் பழக வேண்டும் என்று, நீங்கள் கம்பெனி ஆயுத பூஜையில் எடுத்துக்கொண்ட போட்டோவைப் பூந்தமல்லி ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி மாட்டினேன். மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிற மரு முதல் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. தினமும் காலையில் தூக்கிப் பிடித்து, இது யார் என்று கேட்பேன். அப்பா என்று சொல்லிக்கொடுத்தால் ஒழுங்காகச் சொல்லுவாள். சொல்லி முடித்ததும் இறக்கிவிடச் சொல்லிக் கையைக் காலை உதறுவாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

சாயங்காலம் தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் என்ன வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறாள். போன வெள்ளிக்கிழமை நிர்மல் வண்டியை நிறுத்தியதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அப்பா என்று கூப்பிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு கன்னியம்மா அக்கா வாசலில்தான் இருந்தார். அட உடும்மா, கொயந்தைக்கு இன்னா தெரியும், யாரு தூக்குறாங்களோ அவுங்கதான் அதுக்கு அப்பா என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிர்மல் முகம் சுருங்கிப் போய்விட்டது. மண்டி போட்டு உட்கார்ந்து, சித்தப்பா சொல்லு, உங்க அப்பா மலையில கீறாரு, வந்துடுவாரு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவளும் சரி என்று தலையை ஆட்டினாள். மறுநாள் மறுபடியும் அப்பாதான்.

அவளைத் திட்டவில்லை. திட்டி என்ன ஆகப் போகிறது? பசிக்கிற நேரத்துக்குப் பால் வருகிறது, அதே நேரத்துக்கு அதே சத்தம் வருகிறது, தூக்கினால் தோள் அசைகிறது, வியர்வை வாசனை அடிக்கிறது. போட்டோவில் மரு இருந்து அவளுக்கு என்ன?

உங்கள் கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே எறும்பு ஊர்கிற மாதிரி சின்னதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இந்தக் குளிர்காலமும் இருக்க முடியுமா என்று முதலாளி கேட்கிறார் என்று. அப்படிச் சின்னதாக எழுதினால் என் கண்ணில் படாது என்று நினைத்தீர்களா? லென்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

முடியாது என்று சொல்லுங்கள். அக்டோபரோடு மீன் பிடிக்கிற சீசன் முடிகிறது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். நவம்பரில் வந்துவிடுங்கள். மார்ச்சில் திரும்பப் போக வேண்டும் என்றால் அதை அப்போது உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம், சண்டைகூடப் போட்டுக்கொள்ளலாம். சண்டை போட்டும் ரொம்ப நாள் ஆகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டாபிராமில் உங்கள் அத்தை கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். நல்ல பதிலாக எழுதுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
காவ்யா.


பாரிவாக்கம்,
அக்டோபர் கடைசி வாரம்.

அன்புள்ள மாமாவுக்கு,

காவ்யா. நாங்கள் இருக்கிறோம். மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பிவிட்டது, நம் தெருவில் கணுக்கால் தண்ணீர். கரென்ட் வருகிறது போகிறது. போட்ட மாவு புளிக்க மாட்டேன் என்கிறது. இதெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இதற்காக எழுதவில்லை.

உங்களிடமிருந்து வந்த பதிலில் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரத்தை ஓட்டினேன். அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது. யாரோ சொல்லி உங்கள் காதுக்கு வருவதைவிட நானே எழுதிவிடுவது நல்லது.

மழை ஆரம்பித்த நாள் நிர்மல் தொப்பலாக நனைந்து வந்தார். இருமிக்கொண்டே, ஒண்ணியும் இல்ல அண்ணி, லேசா ஜல்ப்பு புட்சிகினு கீது என்றார். உங்கள் ரெயின்கோட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் போனதிலிருந்து அதை நான் துவைக்கவில்லை. பெருக்கும்போது சில நாள் அதன் பக்கத்தில் நின்றுவிட்டு வருவேன். ஏன் துவைக்கவில்லை என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதை எடுத்து நிர்மலிடம் கொடுத்தேன். நனைந்து ஜுரத்தில் படுத்தால் யார் பார்ப்பது என்றுதான் கொடுத்தேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் கரென்ட் இல்லை. நான் ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தேன். மழைச் சத்தத்தில் வண்டி வந்ததுகூடக் காதில் விழவில்லை. வாசல் படியில் யாரோ ஈரக் காலை இரண்டு தடவை ஓங்கித் தட்டினார்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் தட்டிவிட்டு உள்ளே வருவீர்கள், தெரியும். தலையைத் தூக்கினேன். கதவு நிறைய உங்கள் ரெயின்கோட் நின்றது. உங்கள் உயரம். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு தோளை இறக்கிக்கொண்டு நீங்கள் நிற்கிற மாதிரியே நின்றது.

ரோஷினி அப்பா என்று கத்திக்கொண்டு ஓடிக் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் பின்னாலேயே நானும் ஓடினேன்.

மறைக்காமல் எழுதுகிறேன். வந்துட்டீங்களா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே இரண்டு கையாலும் அந்தக் கோட்டைப் பிடித்து, அந்த ஈரத்தில் நெற்றியை வைத்துவிட்டேன். பார்க்கலாம் என்று எழுதிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் எழுதியிருந்தீர்களே, யோசிக்க நேரம் இல்லாதபோது ஏறக்குறைய இருந்தாலே போதும் என்று. எனக்கும் நேரம் இல்லை. நான் நின்று பார்க்கவில்லை.

நிர்மல் அசையாமல் நின்றார். கையைக்கூடத் தூக்கவில்லை. கொஞ்சம் கழித்து ரொம்ப மெதுவாக, அண்ணி, நான் நிர்மல் என்றார். நான் பின்னால் வந்துவிட்டேன். அவர் ரோஷினியின் கையைத் தம் காலிலிருந்து மெல்லப் பிரித்து அவளை என் பக்கம் நகர்த்தினார். பாலைப் படியில் வைத்தார். கோட்டைக் கழற்றி கேட்டில் மாட்டிவிட்டு, கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே போய்விட்டார்.

அன்றிலிருந்து வீட்டுக்கு வருவதில்லை. பாலும் காயும் கன்னியம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தெருமுனையோடு திரும்பிவிடுகிறார். போன் செய்தேன். தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி, அண்ணன் வர்ற வரைக்கும் நான் அந்தப் பக்கம் வர்ல, கொயந்தைய நெனச்சாத்தான் மன்சு கேக்கல என்றார். உங்கள் தம்பி தங்கம். அவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக நினைத்தீர்கள் என்றால் எனக்கும் உங்களுக்கும் பேச்சு கிடையாது.

ரோஷினிக்கு இது எதுவும் புரியவில்லை. சாயங்காலம் ஆனால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தெருவில் எந்த வண்டி போனாலும் அப்பா என்கிறாள். ஸ்விக்கிக்காரர் ஒருத்தர் திரும்பிப் பார்த்து டாட்டா காட்டிவிட்டுப் போனார். இருட்டியதும் தூக்கி வருகிறேன், தோளில் சாய்ந்து விசும்பிக்கொண்டே தூங்கிவிடுகிறாள். அவளுக்கு இருந்த ஒரு அப்பாவையும் நான் துரத்திவிட்டேன். அசல் அப்பா வந்தால்தான் இனி அந்த இடம் நிரம்பும்.

நான் செய்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. உங்களை நினைத்துத்தான் ஓடினேன். என்னைப் பயமுறுத்துவது வேறு. அந்த ஈரக் கோட்டில் நெற்றியை வைத்திருந்த கொஞ்ச நேரம் எனக்கு எத்தனை நிம்மதியாக இருந்தது என்பதுதான் பயமாக இருக்கிறது. மனுஷ உடம்பின் சூடு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது, மாமா. நினைவு வந்த பிறகு அதை மறுபடியும் மறப்பது லேசாக இல்லை. ராத்திரி குழந்தை தூங்கின பிறகு இந்த வீடு தேங்கின தண்ணீராகக் கிடக்கிறது. எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் பார்க்கத் தோன்றுகிறது. பார்த்தால் நீங்கள் இல்லை என்பது மட்டும்தான் தெரிகிறது.

இந்தப் பார்சலில் பூச்சி எதுவும் வைக்கவில்லை. சீசன் முடியப் போகிறது, இனி உங்களுக்கு அங்கே எதற்கு? உங்கள் நீலச் சட்டையும், வழிக்குக் கொஞ்சம் புளிக்காய்ச்சலும் வைத்திருக்கிறேன்.

முதலாளி காரணம் கேட்டால் குழந்தை ஏங்கிப் போகிறாள் என்று சொல்லுங்கள். பொய் இல்லை, அவருக்கு அது போதும். உங்கள் தம்பியைப் பார்த்ததும் தோளில் கையைப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வாருங்கள், அவர் தானாக வர மாட்டார். மலையில் பஸ் மெதுவாகப் போகட்டும். ஜன்னல் ஓரம் உட்காராதீர்கள். எந்தச் சாமி துணைக்கு வந்தாலும் சரி, உங்களை முழுசாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வந்து வாசலில் நின்றதும், உள்ளே கால் வைப்பதற்கு முன்னால், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சத்தமாகக் கூப்பிடுங்கள், தெரு முழுக்கக் கேட்டாலும் பரவாயில்லை. அது காதில் விழாமல் இனிமேல் நான் யாருக்காகவும் எழுந்து ஓடி வர மாட்டேன்.

உங்கள்,
காவ்யா.